இல்லை என்று சொல்ல ஓர் அறை

என் சிறுநீரகம் ஒன்றை என் கணவருக்குக் கொடுப்பது என்று எங்கள் வீட்டில் முடிவானது. அந்த முடிவில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதை நானே கவனிக்கவில்லை. அதை முதலில் கவனித்தவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள்.

என் கணவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். காலில் வீக்கம் வந்தபோது, நாள் முழுக்க மேஜையோரம் நிற்பதால்தான் என்று இருவருமே நினைத்தோம். ரத்தக் கொதிப்பு பல வருடங்களாகச் சத்தமில்லாமல் உள்ளே வேலை பார்த்திருக்கிறது. தெரிந்தபோது இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டிருந்தன. டயாலிசிஸ் ஆரம்பித்த மாதம்தான் மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். நான் பி.காம். படித்து, அதே கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தேன். அவள் பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டேன்.

என் மாமியார்தான் முதலில் கையை உயர்த்தினார். "எம்பட கிட்னிய எடுத்துக்குங்க, நான் இனி இத வெச்சு என்ன பண்ணப் போறேன்" என்றார் டாக்டரிடம். அவருக்குச் சர்க்கரை இருந்ததால் முதல் நாளே வேண்டாம் என்றுவிட்டார்கள். என் கொழுந்தனாருக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒத்தக் கிட்னிக்காரனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று உறவில் ஒருவர் சொல்ல, அந்தப் பேச்சு அங்கேயே அடங்கியது. அப்புறம் எல்லோர் கண்ணும் என்மேல் வந்து நின்றது. எங்களுக்கு ஒரே ரத்த வகை. "ஜாதகப் பொருத்தம் பாத்துக் கட்டி வெச்சதுக்கு, இதுலயும் பொருந்திப் போச்சு பாருங்க" என்று பெரியம்மா ஒருவர் சந்தோஷப்பட்டார். நானும் சிரித்தேன்.

கேஸை அணைத்துவிட்டேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். மகளின் தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்துவிட்டு மறுபடியும் பையைத் திறந்து பார்ப்பேன். அப்படிப்பட்டவள் இந்த விஷயத்தில் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டினேன். மனைவி என்றால் கொடுப்பதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராத்திரி மகளின் தலையைத் தடவும்போது மட்டும் இரண்டு கேள்விகள் வரும். ஆபரேஷன் மேஜையிலேயே நான் போய்விட்டால் இவளுக்கு யார்? அவர் போய்விட்டாலும் இவளுக்கு யார்? இரண்டு பக்கமும் பயம் ஒரே எடையில் இருந்தது.

டயாலிசிஸ் பிரிவில் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். எங்கள் பக்கத்து மனுஷி. எல்லோரையும் கண்ணு என்பார், மிஷினைக்கூட. அவருக்குக் கீழே இளம் நர்ஸுகள். ஊசி மாற்றும் கைகள் ஒரு பக்கம் போக, வாய் இன்னொரு பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

"ஏண்டி, நீ உன்ற ஊட்டுக்காரருக்கு கிட்னி குடுப்பியா?"

"போன வாரம் என் பொறந்த நாள மறந்த மனுசனுக்கா? ரத்தம் வேணா ஒரு பாட்டில் தர்றேன்."

"நான் செத்ததுக்கு அப்புறம் எல்லாத்தயும் எடுத்துக்கட்டும்னு எழுதிக் குடுத்துட்டேன். உசுரோட இருக்கறப்ப கேட்டா ஓடிப் போயிருவேன்."

"எங்கம்மா அதுக்கும் வெய்யுது. அடுத்த பொறப்புல குருடாப் பொறப்பேனாம்."

மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டே இப்படிப் பேசுகிறார்களே என்று முதலில் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. தினமும் இதையே பார்ப்பவர்களுக்குள்ளேயே இத்தனை விதமான மனசு இருக்கிறதே என்று பிறகு தோன்றியது. தோன்றியதும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

ஒருநாள் பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்க்க வந்த அம்மாள் ஒருவர், நான் கொடுக்கப்போகிறேன் என்று கேள்விப்பட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ தெய்வம் சாமி" என்றார்.

மூத்த சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை. "அக்கா, இங்க அப்படிச் சொல்லாதீங்க. குடுக்கறவ தெய்வம்னா, நாளைக்கு ஒருத்தி முடியாதுங்கறா, அவ என்ன பேயா?"

அந்த அம்மாள் என் கையை விட்டார். சிஸ்டர் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்தைப் பல நாள் மனசுக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் உறுப்பு மாற்று சம்பந்தமான எல்லாவற்றையும் ஏற்பாடு செய்பவர் கோஆர்டினேட்டர் மேடம். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. நடைபாதைக் கடைசியில் அவருடைய அறை. முதல் தடவை நானும் மாமியாரும் சேர்ந்தே போனோம். "அம்மா, நீங்க வெளிய உக்காந்து ஒரு காப்பி குடிங்க, நான் இவங்கள்ட்ட கொஞ்சம் பேசுதேன்" என்று மாமியாரை எழுப்பி, கதவு வரை கூடவே போய் விட்டுவிட்டு வந்தார்.

"இன்னொரு குழந்த வேணும்னு நெனச்சிருக்கீங்களா?" அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

வீட்டில் என் ரத்த வகை வரை பேசியிருந்தார்கள். இதை மட்டும் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

"தெரியலீங்க" என்றேன். அப்புறம் அவசரமாக, "ஆனா கிட்னி குடுக்கறேனுங்க, மேடம். எனக்கு சம்மதமுங்க" என்றேன்.

"சரி. இத நான் இன்னும் பல தடவ கேப்பேன், சங்கடப்படாதீங்க." நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "எப்பம் வேணாலும் வேண்டாம்னு சொல்லலாம். ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல வச்சுக்கூட சொல்லலாம். எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதும். வெளிய, 'இவங்க குடுக்கதுக்கு ஏத்தவங்க இல்ல'ன்னு ஒரு வரிதான் போகும். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டோம். உங்க வீட்டுக்காரர் கேட்டாலும் சொல்ல மாட்டோம்."

"அப்படியெல்லாம் இல்லீங்க" என்றேன். கதவைத் திறந்துகொண்டு வந்ததும் மாமியார், "என்ன கேட்டாங்க?" என்றார். "சும்மாதானுங்க அத்தை, வயசு கேட்டாங்க" என்றேன். எதற்குப் பொய் சொன்னேன் என்று பஸ்ஸில் அவிநாசி வரும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

பரிசோதனைகள் தொடங்கின. அப்போதுதான் வாழைத்தண்டு வீட்டுக்குள் வந்தது.

தன்னுடையதை வேண்டாம் என்றுவிட்டார்களே என்ற குறை மாமியாருக்கு மனசில் இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ, வாழைத்தண்டுச் சாறு கிட்னியைக் கழுவிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து, தண்டின் பட்டையை உரித்து, நாரை விரலில் சுற்றி எடுத்து, அரைத்துப் பிழிந்து ஒரு பெரிய டம்ளர் நிறையக் கொடுப்பார். சாயங்காலம் நெருஞ்சி முள் கஷாயம். "குடுக்கறதத்தான் குடுக்கறோம், நல்லதாக் குடுக்கலாம், குடி கண்ணு" என்பார். நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். என் கணவருக்குப் போய்ச் சேரப்போவது சுத்தமாக இருக்கட்டும் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. ஒருநாள் டம்ளர் பாதி மிஞ்சியபோது, கணக்குப் பாடத்தை அரைகுறையாக விட்டதுபோல் குற்ற உணர்ச்சி வந்து, திரும்ப வந்து குடித்து முடித்தேன்.

அடுத்த ரிசல்ட் வந்த அன்று டாக்டர் என்னையும் மாமியாரையும் உட்கார வைத்தார். என் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருந்தது; சிறுநீரகம் சரியாக வடிகட்டவில்லை என்பதற்கு அது அடையாளம். சிறுநீரில் பொடிப்பொடியாக உப்புப் படிகங்கள். "இப்ப இருக்கற நெலமைல இவங்ககிட்ட எடுக்க முடியாதுங்க" என்றார்.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குத் தோளிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. மகளின் முகம்தான் முதலில் வந்தது. அதற்குப் பின்னாலேயே கணவரின் முகம் வந்தது. இறங்கிய மூட்டை முன்னைவிடக் கனமாகத் திரும்ப ஏறிக்கொண்டது.

கோஆர்டினேட்டர் மேடம் என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"வீட்டுல என்னமும் குடிக்கீங்களா? நாட்டு மருந்து, ஜூஸ், இந்த மாதிரி?"

சொன்னேன். டம்ளரின் அளவைக் கையால் காட்டினேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார்.

"நீங்க மொத ஆளு இல்லம்மா. பொண்ணு பாக்க வாராங்கன்னா வீட்டக் கழுவி விடுவோம்லா, அது மாதிரி இந்த ஊர்ல கிட்னியக் கழுவிட்டுக் கூட்டிட்டு வாராங்க. வாழைத்தண்டக் கொழம்புல, பொரியல்ல போட்டுச் சாப்பிடுங்க, யாரு வேண்டாம்னா? இப்படித் தெனமும் வெறும் வயித்துல சொம்பு சொம்பா ஊத்துனா அதுல உள்ள உப்பு போய் உக்காந்துக்கிடும்." சிரிப்பு போய்விட்டது. "ரெண்டையும் இன்னைக்கே நிறுத்திருங்க. இது உங்க உடம்புக்காகச் சொல்லுதேன், அவருக்காக இல்ல. நிறுத்துனா அநேகமா சரியாப் போயிரும்னு டாக்டர் நெனைக்காரு."

"அப்ப மறுபடியும் டெஸ்ட் எடுத்தா…"

"அது வேற பேச்சு." என் ஃபைலை மூடி வைத்தார். "இன்னைக்கு டாக்டர் சொன்னத உங்க மாமியாரும் கேட்டாங்க. அதோட இருக்கட்டும்னு நீங்க நெனச்சா, அதோட முடிஞ்சுது. உங்கள யாரும் ஒரு சொல்லு சொல்ல மாட்டாங்க. திரும்ப எடுத்துப் பாக்கணும்னு நெனச்சா, ஒடம்பு தேறின பொறவு வாங்க. நான் போன் போட்டுக் கேக்க மாட்டேன்."

நான் கதவைப் பார்த்தேன். அது திறந்தே இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், சாத்தியிருந்தாலும்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா? என் எடத்துல நீங்க இருந்தா குடுப்பீங்களா?"

கொடுப்பேன் என்பார் என்று எதிர்பார்த்தேன். அதுதானே அவர் வேலை.

"தெரியலம்மா" என்றார். "எத்தனையோ பேர உள்ள அனுப்பியிருக்கேன். எனக்குன்னு நெனச்சுப் பாத்தா பதில் வர மாட்டேங்கு. அதான் உங்கள இத்தன தடவ கேக்கேன்."

வெளியே வந்தபோது மூத்த சிஸ்டர் என் மாமியாருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமியார் அவரிடமும் சாறு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். "அக்கா, இனி இவளுக்கு அந்தச் சாறும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். பச்சத் தண்ணி போதும். யாருக்குமே நாங்க சொல்றதுதானுங்க" என்று பொதுவாகச் சொன்னார். இதனால்தான் எல்லாம் கெட்டது என்று ஒரு வார்த்தை வரவில்லை. சொல்லியிருந்தால் மாமியார் அந்த இடத்திலேயே உடைந்திருப்பார். மறுபடி டெஸ்ட் எடு என்று எல்லோரும் சொல்லி, என் முடிவும் என் கையை விட்டுப் போயிருக்கும். இரண்டையும் யோசித்துத்தான் அப்படிப் பேசினாரா, இல்லை அதுவே அவருக்குப் பழக்கமாகிவிட்டதா, எனக்குத் தெரியாது.

அடுத்து வந்த நாட்கள் கடினமாக இருந்தன. வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "பாவம், அவ என்ன பண்ணுவா, அவ குடுக்கறேன்னுதான் சொன்னா" என்று மாமியார் போனில் யாரிடமோ சொல்வதைக் கேட்டபோது அடுப்பு முன்னால் நின்றபடியே நின்றேன். ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லாத வீடு அது. அவரோ டயாலிசிஸ் போய்விட்டு வந்து, துவைத்துப் பிழிந்த துணிபோலக் கட்டிலில் கிடப்பார். மகள் ஓடிப்போய் அவர் மேல் ஏறப் பார்ப்பாள். "அப்பா கை வலிக்குது பாப்பா, அந்தப் பக்கமா வா" என்பார்.

ஒருநாள் டயாலிசிஸ் நடக்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று, வாழைத்தண்டு விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். மறுபடி பரிசோதனை செய்தால் சரியாக இருக்கலாம் என்பதையும் சொன்னேன். இத்தனை நாள் அதைச் சொல்லாமல் இருந்ததையும்.

அவர் கோபப்படவில்லை. மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நானும் அந்த ரூமுக்குப் போனேன்."

"எப்பங்க?"

"நீ மொத டெஸ்டுக்குப் போனீல்ல, அன்னிக்கி. 'அவளுக்கு ஆகாதுன்னு சொல்லிருங்க மேடம், பாப்பா சின்னது, எனக்காக அவளக் கீற வேண்டாம்'னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"ஒத்துக்கல. கோவிச்சுக்கவும் இல்ல. 'வேண்டாம்னு சொல்றதும் அவங்க உரிமதான், அத நீங்க எடுத்துக்கிடக் கூடாது. உங்களுக்கு வேண்டாம்னா அத நேர்ல அவங்ககிட்ட சொல்லுங்க'ன்னுட்டாங்க." அவருக்குத் திருநெல்வேலிப் பேச்சு சரியாக வரவில்லை. "எனக்கு உன்கிட்டச் சொல்ல வாய் வர்ல. அப்புறம் அவங்களே, இறந்தவங்ககிட்ட இருந்து கெடைக்கற லிஸ்ட்ல என் பேரப் பதிஞ்சு வெச்சாங்க. எப்ப வருமோ, வராமலேகூடப் போகலாம்னும் சொன்னாங்க. மறைக்கல."

எங்கள் இருவர் ரகசியங்களும் அந்த ஒரே அறைக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன. அந்த மனுஷி ஒன்றை மற்றொன்றின் காதில் போடாமல் இத்தனை நாளும் எங்கள் இருவருக்கும் வணக்கம் சொல்லி, சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மேடம் எனக்காகக் காரணம் சொல்லாமல் இருக்கத் தயாராக இருந்தார். என் கணவருக்காக ஒரு பொய் சொல்லத் தயாராக இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது எனக்கு அந்தக் கணம்தான் புரிந்தது.

மூத்த சிஸ்டர் அடுத்த படுக்கையில் ட்யூபைச் சரிசெய்துகொண்டிருந்தார். எல்லாமே காதில் விழுந்திருக்கும். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தேவைக்கு மேலேயே அதைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

நான் என் கணவரின் கையைப் பிடித்தேன், வலிக்காத கையை. "ரெண்டயும் நிறுத்தியாச்சுங்க. மறுபடியும் டெஸ்டுக்குப் போறேன்."

"பாப்பா?"

"அவளயும் சேத்துத்தான் யோசிச்சேன். உங்கள இப்படிப் பாத்துட்டு வீட்டுல இருக்கறதவிட, பயந்துட்டே குடுக்கறது எனக்கு ஆகுமுங்க."

பயம் போகவில்லை என்பதை எழுதியாக வேண்டும். போகாத பயத்தை என்ன செய்வது என்றுதான் அவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்: அதைக் கேள்வியாக்கினேன். இன்னொரு குழந்தை பெறலாமா, மகளை எப்போது தூக்கலாம், மிச்சமிருக்கும் ஒன்றுக்கு ஏதாவது ஆனால் என்ன. டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கேட்டதையே மறுபடி கேட்டபோது மறுபடியும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். கிரியாட்டினின் மெல்ல இறங்கியது. அவசரப்படாமல், திரும்பவும் எடுத்துப் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் நாள் குறித்தார்கள்.

அன்று காலை என்னைத் தள்ளுவண்டியில் தியேட்டர் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். கோஆர்டினேட்டர் மேடம் அங்கே நின்றுகொண்டிருந்தார். தள்ளிக்கொண்டு வந்தவரை நிறுத்தச் சொன்னார். கூட வந்த மாமியாரைக் கண்ணாலேயே தள்ளி நிற்க வைத்தார். என் காதருகில் குனிந்தார்.

"இப்பமும் சொல்லலாம்."

"பயமா இருக்குதுங்க."

"ம்."

"போலாமுங்க" என்றேன். அவர் என் நெற்றியிலிருந்த முடியைத் தொப்பிக்குள் தள்ளிவிட்டு, வழிவிட்டார்.

இப்போது என் கணவர் பழையபடி கட்டிங் மேஜையோரம் நிற்கிறார், நடுவில் உட்கார ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வாழைத்தண்டின் கதையை நானே மாமியாரிடம் ஒருநாள் சொல்லிவிட்டேன். அழுவார் என்று பயந்தேன். "அடக் கெரகமே, நானே கெடுத்துப் போட்டிருப்பனாட்ட" என்று தலையில் கை வைத்தவர், அன்றிலிருந்து இளநீர் வெட்டினால்கூட மூத்த சிஸ்டருக்குப் போன் போடுகிறார். "ஏனுங்க சிஸ்டர், இத இவளுக்குக் குடுக்கலாமுங்களா?" சிஸ்டரும் ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பதில் சொல்கிறார்.

போன மாதம் என் பரிசோதனைக்காகப் போயிருந்தேன். கடைசி அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்தது. என் வயதுதான் இருக்கும், ஒரு பெண் வெளியே வந்தாள். அவள் பின்னால் கோஆர்டினேட்டர் மேடம். காத்திருந்த உறவுக்காரர்களிடம், "இவங்க குடுக்கதுக்கு ஏத்தவங்க இல்ல. வேற வழி பாப்போம்" என்றார். அவர்களில் ஒரு பெரியவர் ஏன் என்று இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். "அவ்வளவுதாங்கய்யா சொல்ல முடியும்" என்று ஒரே பதிலையே சொன்னார், அதே மரியாதையோடு.

நான் அவர் முகத்தைக் கவனித்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு கவனித்தேன். அந்தப் பெண்ணின் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லையா, மனசு ஒத்துக்கொள்ளவில்லையா என்று அந்த முகத்தில் எனக்குக்கூட ஒன்றும் தெரியவில்லை.

நான் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன். அவள் வந்து உட்கார்ந்தாள்.

"தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டு, பையிலிருந்த மகளின் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.